தண்டவாளத்தில் ஒரு கப்பல்

என் நண்பன் ஒருவன் தேனிலவுக்குச் சொகுசுக் கப்பலில் போய் வந்தான். டெக்கில் நின்று, டைனிங் ஹாலில் தின்று, நீச்சல் குளத்தில் நனைந்து என்று இருநூறு போட்டோ. ஒவ்வொன்றுக்கும் விளக்கவுரை வேறு. கடைசியில் டிக்கெட் விலையையும் சொன்னான். நான் பி.காம். படித்தவன். மனசுக்குள்ளேயே ஐந்தொகை போட்டுப் பார்த்தேன். என் நிதி நிலைமைக்குக் காகிதக் கப்பல்தான் தாங்கும்.

"ஏன், நம்ம ஊர்லயும் ஒரு கப்பல் இருக்கே!" என்றேன் ரோஷமாக.

விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகைச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் சொன்னது விவேக் எக்ஸ்பிரஸை. கன்னியாகுமரியில் கிளம்பி அஸ்ஸாமின் திப்ருகரில் போய் நிற்கும் வண்டி. 4,180 கிலோமீட்டருக்கு மேல், ஒன்பது மாநிலங்கள், அட்டவணைப்படியே மூன்று நாளும் சொச்ச நேரமும். இந்தியாவிலேயே அதிக தூரம் ஓடும் ரயில் இதுதான். 1892 டிசம்பரில் கடல் நடுவே பாறையில் தியானம் செய்தாரே விவேகானந்தர், அவருடைய 150-வது பிறந்த ஆண்டை ஒட்டி 2011 நவம்பரில் விட்டார்கள். மாஸ்கோ - விளாதிவோஸ்டாக் ரயில் 9,200 கிலோமீட்டருக்கு மேல் போகிறதாம். போகட்டும். அதில் மசால் வடை கிடைக்குமா?

போன டிசம்பரில் ஸ்லீப்பரில் சைடு லோயர் கிடைத்தது. வீடு நாகர்கோவிலில். இருந்தாலும் முழு தூரமும் போன புண்ணியம் வேண்டும் என்று சுமார் 16 கிலோமீட்டர் பின்னால் போய்க் கன்னியாகுமரியிலேயே ஏறினேன். வழியனுப்ப வந்த அம்மா ஒரு பெரிய டின்னைக் கையில் திணித்தாள். முந்திரிக்கொத்து. "லே மக்கா, இது பத்து நாளானாலும் கெடாது, கேட்டியா. ரயில்ல கண்டதையும் வாங்கித் தின்னாத." எங்கள் பக்கத்தில் யார் தூரதேசம் போனாலும் கூடவே இந்த டின்னும் போகும். அப்பா வளைகுடாவில் இருந்த காலத்தில் எத்தனை டின் போயிருக்கும் என்று கணக்கே இல்லை.

சாயங்காலம் வண்டி நகர்ந்தது. மருந்துவாழ் மலை, தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம். நாகர்கோவில் வந்ததும் பெட்டி நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் வடகிழக்குப் பையன்கள். நம்மூர் ஓட்டல்களிலும் கட்டட வேலைகளிலும் பார்க்கிற அதே முகங்கள். அதில் ஒருவன், இருபத்தைந்து வயசிருக்கும், என் இருக்கை ஓரமாக வந்து நின்றான். கையில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட். "அண்ணே, கொஞ்சம் உக்காரட்டுமா?" என்றான், சுத்தமான மார்த்தாண்டம் தமிழில்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டேன். இன்றைக்கு உட்கார இடம் கொடுத்தால் நாளைக்குப் படுக்க இடம் கேட்பான் என்கிற தற்காப்பு. ஆபீஸ் போகும் பஸ்ஸில் பழகிய வித்தை. டி.டி.ஆர். வந்து அவனை ஜெனரல் பெட்டிக்குப் போகச் சொன்னார். போனான். அங்கே கால் வைக்க இடமில்லாமல் கொல்லத்தில் திரும்பி வந்துவிட்டான். ராத்திரி எழுந்து போனபோது பார்த்தேன். கழிப்பறைப் பக்கம், கதவோரமாக, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். நான் திரும்பி வந்து காலை நீட்டிப் படுத்துக்கொண்டேன். தூக்கம்தான் வரவில்லை.

மறுநாள் விடிந்தபோது வண்டி கொங்கு நாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி 'சாயா' விற்ற குரல் இப்போது 'காபி காபி' ஆகியிருந்தது. இந்தக் கப்பலில் மாநில எல்லையைத் தெரிந்துகொள்ள மேப் வேண்டாம், காது போதும். சேலம், காட்பாடி, ரேணிகுண்டா தாண்டுவதற்குள் பெட்டி ஒரு தெருவாகிவிட்டது. செல்போன் சார்ஜ் போட ஒரே பிளக். அதற்கு நாலு குடும்பம் முறை வைத்தது. எதிர் பெர்த் பெரியவர் பல் செட்டை வாஷ்பேசினில் மறந்துவிட்டு வர, பெட்டியே தேடிக் கண்டுபிடித்தது. நண்பனின் கப்பலில் நீச்சல் குளம். எங்களுக்கு அந்த வாஷ்பேசின். தண்ணீர் இருந்தால் அன்றைக்குத் தீபாவளி.

மத்தியானம் முந்திரிக்கொத்து டின்னைத் திறந்தேன். கதவோரம் நின்றிருந்தவன் வாசனை பிடித்துத் திரும்பிச் சிரித்தான். "முந்திரிக்கொத்து! எங்க ஓனர் வீட்ல கிறிஸ்மஸுக்குத் தருவாங்க."

இதற்கு மேலும் பேப்பருக்குள் ஒளிந்தால் நான் மனுஷனே இல்லை. கூப்பிட்டு உட்கார வைத்தேன். மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஓட்டலில் பரோட்டா போடுகிறான். திப்ருகர் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வீடு. போனில் ஒரு குழந்தை படம் காட்டினான். மகள். ஏழு மாசம். இன்னும் நேரில் பார்க்கவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. என்னை அப்பா முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு ஒன்றரை வயசு. வளைகுடாவுக்கு விமானம் ஏற பம்பாய்க்கு ரயிலில்தான் போவார்களாம். "கக்கூஸ் பக்கத்துலயே குந்தியிருந்து பம்பாய் வரைக்கும் போனேம்லா" என்று அப்பா நூறு தடவை சொல்லியிருக்கிறார். நாங்களும் நூறு தடவை சிரித்திருக்கிறோம். அவருக்கும் யாரோ ஒருவன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்திருப்பான். அது என்னைப்போலவே இருந்திருப்பான்.

அன்று ராத்திரி முதல் என் சைடு லோயரில் இரண்டு ஷிப்ட். நடுராத்திரி வரை அவன், அப்புறம் நான். விஜயவாடாவில் கிருஷ்ணா நதிப் பாலம் தடதடத்தபோது அவன் குறட்டை அதைவிடப் பெரிசாக இருந்தது. பரவாயில்லை, முதல் நாள் பாக்கி.

மூன்றாம் நாள் காலையில் ஒடிசா. பிரம்மபூர் தாண்டியதும் ஜன்னல் பூராவும் தண்ணீர். சிலிகா ஏரி! நண்பா, என் கப்பலும் கடைசியில் தண்ணீரைப் பார்த்துவிட்டது. கடலோடு கலக்கும் உவர்நீர் ஏரி. 1981-லேயே ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவைகள் வெள்ளைப் பொட்டுகளாக மிதந்தன. பெட்டியே என் பக்கம் சாய்ந்துகொண்டு எட்டிப் பார்த்தது. அப்புறம் வங்காளம், 'சாய்', ஜால்முரி பொரி. ராத்திரி ஃபரக்காவில் கங்கை. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் எழுந்து காசு போட்டவர்கள் நாலு பேர். எதிர் பெர்த் பெரியவர் பல் செட்டைக் கழற்றாமலே கும்பிட்டார்.

நாலாம் நாள் ஸ்வெட்டர் குளிர். ஃபேனுக்குச் சண்டை போட்டவர்கள் ஜன்னலைச் சாத்தச் சண்டை போட்டார்கள். குவாஹாத்திக்கு முன்னால் பிரம்மபுத்திரா வந்தது. அக்கரை இருக்கிறதா என்று சந்தேகப்படும்படி ஒரு ஆறு. நாலரை மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விட்டது. கடிகாரம் ஒன்றுதான், சூரியன்தான் வேறு. தோட்டங்களில் ஒரு மணி நேரம் முன்னால் வைத்த 'தோட்ட நேரம்' என்று தனியாகவே உண்டு என்றான் அவன். நாகாலாந்தின் திமாப்பூர் தாண்டியதும் தலை சீவினான். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் சீவினான். நான் எண்ணினேன்: திப்ருகர் வருவதற்குள் ஆறு தடவை.

ராத்திரி பிளாட்பாரத்தில் அவன் மனைவி சால்வையில் குழந்தையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். ஓடிப்போய் வாங்கினான். அவ்வளவுதான். வீல் என்று ஒரு அழுகை. திமிறிக்கொண்டு அம்மா பக்கம் தாவியது. அவன் கையை அப்படியே நீட்டிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். மூன்று நாளாக அந்த முகத்தில் பார்க்காத ஒன்றை அப்போது பார்த்தேன்.

"தம்பி, எங்கப்பா வந்தப்ப நானும் இப்படித்தான் அழுதேனாம். ரெண்டே நாள்ல சரியாயிட்டேன்" என்றேன். மிச்சமிருந்த முந்திரிக்கொத்தை டின்னோடு கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, மொதல்ல என்னைத் தூக்கினப்ப நான் அழுதேன்ல, நீங்க என்ன செஞ்சீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"என்னத்தச் செய்ய? ரயில்ல கண்ணுல கரி விழுந்துட்டுன்னு சொல்லிட்டேன். ஆமா, நீ ஊர் போய்ச் சேந்தியா? ரயில்ல உக்கார எடம் கெடச்சுதா மக்கா?"

"கெடச்சுதுப்பா. பாதி எடம்."