தவணை பேசியது

எங்கள் கிளினிக்கில் ஒரு நோட்டீஸ் அச்சடித்தோம். வழவழப்பான தாள், நீல நிறத்தில் ஒரு மனிதத் தலை, அதைச் சுற்றி ஒளிவட்டம். ‘மாத்திரை இல்லை, மயக்க மருந்து இல்லை, பக்கவிளைவு இல்லை. மனச்சோர்வுக்கு நவீன காந்த சிகிச்சை.’ கம்பெனிக்காரர் கொடுத்த மாதிரியில் ‘பக்கவிளைவு குறைவு’ என்றுதான் இருந்தது. ‘குறைவு’ என்பதை அடித்து ‘இல்லை’ என்று எழுதியது நான்.

நான் மனநல மருத்துவர். விசைத்தறி ஓடும் ஊர் ஒன்றில் பல வருடங்களாகத் தொழில் செய்கிறேன். அந்தக் காந்த இயந்திரம் வருவதற்கு முன்னால் என்னிடம் இருந்தது ஒரு பேனாவும் சீட்டுக் கட்டும்தான். அப்போது மாத்திரையைப் பற்றி யார் குறை சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று வரும். இயந்திரம் வந்த பிறகு அதே குறைகளை நானே எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் புதிதாக எந்த ஆராய்ச்சியையும் படித்துவிடவில்லை. மாதா மாதம் ஐந்தாம் தேதி வங்கியில் தவணை பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆட்களின் அடையாளத்தை மாற்றித்தான் எழுதுகிறேன். என்னுடையதை மாற்றவில்லை, பெயர் போடவில்லையே தவிர.

ஒரு தறிக்காரர், நாற்பதை நெருங்கும் வயது. மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் கொடுத்திருந்தேன். நன்றாகத் தேறினார். தூக்கம் திரும்பியது, பட்டறைக்குப் போனார், மாத்திரையையும் நிறுத்தியாயிற்று. நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு நாள் வந்தார். மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைத் தானே சாத்தினார்.

“மனசெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. அந்த ஒண்ணு மட்டும் இல்லீங்க. ஆசையும் இல்லீங்க, தொட்டா உணர்ச்சியும் இல்லீங்க. பல்லுப் புடுங்க ஊசி போட்டா உதடு மரத்துக் கெடக்குமே, அப்படிங்க. மாத்திரை திங்கறப்ப ஆரம்பிச்சது. நிறுத்துனாச் சரியாப் போயிரும்னு பாத்தனுங்க.”

நான் சொன்ன பதில் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. “மாத்திரை உடம்பை விட்டுப் போய் எவ்வளவு நாளாச்சு. இது உங்க மனசுல இருக்கற பயம். அதையே நெனச்சுட்டு இருந்தா அப்படித்தான் இருக்கும்.” கேஸ் ஷீட்டில் ‘தாம்பத்யம் குறித்த பதற்றம்’ என்று எழுதினேன். பதற்றத்துக்கு என்று இன்னொரு மாத்திரையும் எழுதினேன்.

அவர் சொன்னது புதுக்கதை அல்ல. எஸ்சிடலோபிராம் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்தை நிறுத்திய பிறகும் பாலியல் குறைபாடு சிலருக்கு நீடிக்கலாம் என்று, மனநோய்களை வகைப்படுத்தி 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 நூலிலேயே இருக்கிறது. அந்த நூல் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. ஐரோப்பிய மருந்துகள் முகமை 2019-ல் இந்த எச்சரிக்கையை மருந்துத் தகவல் தாளில் சேர்க்கும்படி பரிந்துரைத்தது. எத்தனை பேருக்கு இப்படி நேர்கிறது என்பதற்கு உறுதியான கணக்கு உலகத்தில் எங்குமே இல்லை. கணக்கு இல்லாததற்கு ஒரு காரணம் என்னைப் போன்றவர்கள். இந்தியாவில் மருந்தின் பாதக விளைவுகளைத் தெரிவிக்க 2010 முதல் தேசிய அளவில் ஒரு கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. காசியாபாத்தில் இருக்கும் இந்திய ஃபார்மகோப்பியா ஆணையம் அதைக் கவனிக்கிறது. நோயாளியேகூடப் படிவம் நிரப்பலாம். நான் அதுவரை ஒரு படிவத்தையும் நிரப்பியதில்லை.

நியாயமாகப் பார்த்தால் வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். மனச்சோர்வே ஆசையைக் கொல்லும். சர்க்கரை, குடி, ரத்த அழுத்த மாத்திரை, ஹார்மோன் குறைவு என்று பட்டியல் நீளும். அவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் டாக்டர். நான் ஒரு சர்க்கரைப் பரிசோதனைகூட எழுதிக் கொடுக்கவில்லை. மாத்திரை காரணம் இல்லை என்று நான் உண்மையிலேயே நம்பியிருந்தால் வேறு காரணத்தைத் தேடியிருப்பேன். அவரை எழுப்பி அனுப்ப வேண்டியிருந்தது, வெளியே கூட்டம் இருந்தது. கேட்கும் பழக்கமே எனக்கு இருந்ததில்லை. ஸ்பெயினில் 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், மாத்திரையால் பாலியல் தொந்தரவு என்று தாமாகச் சொன்ன நோயாளிகள் 14 சதவீதம். டாக்டரே நேரடியாகக் கேட்டபோது அது 58 சதவீதம். தறிக்காரர் தாமாகச் சொன்னவர். அதற்கே இந்த மரியாதை.

பிறகு இயந்திரம் வந்தது. எட்டு வடிவக் காயில், சாய்வு நாற்காலி, ஒரு திரை. காந்தத்தால் மூளையைத் தூண்டும் இந்த முறையை 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவர் குழுவும் முதலில் செய்து காட்டினார்கள். மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008-ல் அனுமதி கிடைத்தது. மண்டைக்கு மேல் காயிலை வைத்து நொடிப்பொழுது மின்சாரம் பாய்ச்சினால் காந்தப்புலம் எழும். அது எலும்பைத் தாண்டிப் போய் மூளையின் மேல்பரப்பில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். முதல் நாள் அளவு பார்க்க வேண்டும். இடப்பக்கம் கையை ஆட்டுவிக்கும் பகுதிக்கு மேல் காயிலை நகர்த்தி, டக் டக்கென்று கொடுத்துக்கொண்டே போனால், ஓர் இடத்தில் நோயாளியின் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளும். துள்ளும் மிகக் குறைந்த அளவுதான் அந்த ஆளுக்கு உரிய அளவுகோல். கூட வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். உறவினர்களை உள்ளே கூப்பிட்டு அதைக் காட்டுவதை வழக்கமாக வைத்திருந்தேன். அந்தக் கட்டைவிரலை விடச் சிறந்த விற்பனைப் பிரதிநிதி எனக்குக் கிடைத்திருக்க முடியாது.

பக்கவிளைவு மெய்யாகவே குறைவுதான். தலைவலி, தலைத்தோலில் குத்துவலி, முகத்தசை இழுப்பு. வலிப்பு வருவது மிக அரிது. ஆனால் பலனைப் பற்றி நான் சொன்னது அரைக்கணக்கு. அமெரிக்காவில் 42 கிளினிக்குகளில் 307 பேரை வைத்து 2012-ல் வெளியான ஆய்வில் 58 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். இந்த எண்ணை எல்லோரிடமும் சொன்னேன். அதில் பொய்ச் சிகிச்சை பெற்ற ஒப்பீட்டுக் குழு கிடையாது என்பதைச் சொல்லவில்லை. ஒப்பீட்டுக் குழுவோடு நடந்து 2010-ல் வெளியான ஆய்வில் முழுதாக நோய் நீங்கியவர்கள் 14 சதவீதம். பொய்க் காயில் வைத்தவர்களில் 5 சதவீதம். இந்த எண் என் வாயில் வந்ததே இல்லை. ஒரு அமர்வுக்கு முதலில் 37 நிமிடத்துக்கு மேல் ஆகும். மூன்று நிமிட முறையும் பலனில் அதற்குக் குறைந்ததில்லை என்று 2018-ல் கனடாவில் 414 பேரை வைத்துக் காட்டினார்கள். நான் உடனே மூன்று நிமிட முறைக்கு மாறினேன். கட்டணத்தை மாற்றவில்லை.

நாற்காலி காலியாக இருந்த ஒரு மாதத்தில், பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்து, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னவர்களையெல்லாம் குறித்து, போன் செய்யச் சொன்னேன். தறிக்காரரும் வந்தார்.

“சில பேருக்கு இந்த மாத்திரை அப்படிப் பண்ணும். நிறுத்தினாலும் சரியாகறது இல்ல. இதுல அந்தத் தொந்தரவே கிடையாது” என்றேன்.

“அன்னிக்கு அப்படி ஒண்ணு கெடையாதுன்னு சொன்னீங்களேங்க?”

“இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க.”

அவருக்கு அப்போது மனச்சோர்வே இல்லை. மருந்து விட்டுச்சென்ற மரமரப்புக்குக் காந்த சிகிச்சை பலன் தரும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. வட்டிக்கு வாங்கி முழு பேக்கேஜுக்கும் பணம் கட்டினார். தினமும் பட்டறையை விட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டைவிரல் துள்ளியது. மற்றதெல்லாம் அப்படியேதான் இருந்தது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. எழுபது தாண்டிய ஓர் அம்மாவை மகன்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சோறு இறங்கவில்லை. “கொடலெல்லாம் அழுகிப் போச்சு கண்ணு, சோறு எங்க போயிச் சேரும்?” என்றார். அதற்குப் பிறகு பேச்சும் நின்றது. மனச்சோர்வோடு இப்படிப் பிறழ்நம்பிக்கையும் சேர்ந்துவிட்டால் அதிகம் பலிப்பது ஈசிடி என்னும் மின்னதிர்வு சிகிச்சை. காந்த சிகிச்சை ஆய்வுகளில் இப்படிப்பட்டவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை. இரண்டும் எனக்குத் தெரியும். முதுகலை படிக்கும்போது காலை வேளைகளில் ஈசிடி அறையில் நின்றவன் நான். மயக்க மருந்து, தசை தளர்த்தும் மருந்து, வாயில் கடிக்கட்டை. மருந்து ஏறாதபடி ஒரு கணுக்காலில் மட்டும் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கிக் கட்டுவோம். உடம்பு முழுக்க அசைவில்லாமல் கிடக்க, அந்த ஒரு பாதம் மட்டும் ஒரு நிமிடம்போல வெட்டி வெட்டி இழுக்கும். வலிப்பு வந்தது, முடிந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. பேசாமல் கிடந்தவர்கள் சில அமர்வுகளில் எழுந்து காபி கேட்டதைப் பார்த்திருக்கிறேன். மயக்கமும் தசை தளர்த்தியும் இல்லாமல் ஈசிடி கொடுப்பதை 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்கிறது. சினிமாவில் கையைக் காலைக் கட்டிவைத்து அலறவிடும் காட்சிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இதையெல்லாம் சொல்லி அந்த மகன்களின் பயத்தைப் போக்கியிருக்க வேண்டியவன் நான். “கரண்டு வெக்கச் சொல்லீராதீங்க டாக்டர்” என்று பெரிய மகன் கேட்டதும், “அதெல்லாம் அந்தக் காலத்து வைத்தியங்க. நம்மகிட்டப் புதுசே இருக்கு” என்றேன். என் கிளினிக்கில் மயக்க மருந்து வசதி இல்லை. அரசு மருத்துவமனைக்கு அனுப்பினால் ஆள் கைவிட்டுப் போவார். சில வாரம் காயில் வைத்தேன். அந்த அம்மா எலும்பும் தோலுமானார். கடைசியில் மகன்களே பயந்துபோய் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே ஈசிடி கொடுத்தார்கள், எழுந்து உட்கார்ந்தார். கணக்கை முடிக்க வந்த பெரிய மகன் திட்டவில்லை. “இது முன்னாடியே தெரியாதுங்களா?” என்று மட்டும் கேட்டார். “அப்ப அந்த நிலைமைக்கு வரல” என்று சொன்னேன். பொய்.

ஈசிடிக்கும் விலை உண்டு. பேத்தியின் காதுகுத்து அந்த அம்மாவுக்கு நினைவில் இல்லை. முடிந்ததும் மாத்திரையைத் தலைமுழுகவும் முடியாது. 2001-ல் வந்த அமெரிக்க ஆய்வில், ஈசிடியில் குணமாகி அதன்பின் வெறும் பொய் மாத்திரை சாப்பிட்டவர்களில் 84 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலினும் லித்தியமும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு 39 சதவீதம். மாத்திரையா, மின்சாரமா, காந்தமா என்று போட்டி வைத்தது என் நோட்டீஸ்தான். (இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைப் பட்டென்று நிறுத்த வேண்டாம். படிப்படியாகக் குறைப்பதற்கு முறை இருக்கிறது. பலருக்கு அது உயிர் காக்கும் மருந்து. தறிக்காரருக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.)

சில மாதம் கழித்து, இந்த முறை நானே அவருக்குப் போன் செய்தேன். சர்க்கரை, ஹார்மோன் எல்லாம் பார்த்தோம். குறை ஒன்றும் இல்லை. படிவத்தையும் நிரப்பி அனுப்பினேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டார். பிறகு, “இதை எழுத்துல குடுங்க. ஊட்டுல எனக்கு வேற எங்கியோ தொடுப்புன்னு நெனச்சுட்டிருக்கறா” என்றார். லெட்டர் பேடில், மருந்து காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்று எழுதினேன். “வாய்ப்புன்னா நம்ப மாட்டாளுங்க. மாத்திரையாலதான்னு போடுங்க” என்றார். அதை நிரூபிக்கும் பரிசோதனை எதுவும் இல்லை, போட முடியவில்லை. அவர் மனைவியை உள்ளே கூப்பிட்டு நேரில் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

“எப்பங்க சரியாகும்?”

“தானாச் சரியாக வாய்ப்பு இருக்கு. இதுக்குன்னு நிரூபணமான வைத்தியம் இன்னும் இல்லம்மா.”

“அப்பறம் எதுக்குங்க அந்த மெசினுல உக்கார வெச்சீங்க?”

கடன் தவணை கட்ட என்று சொல்லியிருக்க வேண்டும். “மனசுக்கு நல்லதுன்னுதாம்மா” என்றேன்.