சட்டாம்பிள்ளையின் பாடம்

திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைக்கு நம்மிடையே நல்ல பெயர் கிடையாது. வாத்தியார் தலை மறைந்ததும் பிரம்பைக் கையில் எடுப்பவன், சொந்தப் பகையைப் பிறர் முதுகில் தீர்த்துக்கொள்பவன் என்றுதான் அவனைப் பற்றிப் பேச்சு. ஆனால் கல்வியின் சரித்திரத்தில் அவனுக்கு ஒரு கௌரவமான இடம் உண்டு.

1789-ல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக ஒரு விடுதி தொடங்கினார்கள். அதை மேற்பார்வை செய்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் குதிரைச் சவாரியின்போது, நம் ஊர்ப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதை அவர் பார்த்தார். மையும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். தப்பு வந்தால் உள்ளங்கையால் ஒரு தடவல், அவ்வளவுதான்.

விடுதியிலும் அப்படியே செய்யும்படி கீழ்வகுப்பு உபாத்தியாயரிடம் சொன்னார். அது நடக்காத காரியம் என்று அவர் கையை விரித்துவிட்டார். பெல் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. அரிச்சுவடி வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற சிப்பாய் மகனிடம் ஒப்படைத்தார். பையனுக்கு வயது 8 இருக்கும். பெரியவருக்கு முடியாத காரியம் அவனுக்கு முடிந்தது! 1797-ல் லண்டனில் பெல் இதை ஒரு நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது.

அந்த உபாத்தியாயர் சோம்பேறியாகவோ கெட்டவராகவோ இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு எழுத்துத் தெரியும். எழுத்துத் தெரியாமல் இருந்த காலம்தான் மறந்துபோயிருக்கும். ஃபிரிஸ்கனுக்கோ அது நேற்று நடந்த விஷயம்.

சமீபத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் இதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியர்களுக்குச் செய்முறைப் பாடம் நடத்தினார்கள். ஆளுக்கொரு அட்டைப்பெட்டி, ஒரு பக்கம் ஊசித் துளை, எதிர்ப்பக்கம் எண்ணெய் தடவிய காகிதம். அறையை இருட்டாக்கி மெழுகுவத்தியை ஏற்றினால் காகிதத்தில் சுடர் தலைகீழாகத் தெரிய வேண்டும்.

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று வருஷக்கணக்காகக் கரும்பலகையில் எழுதி வந்த ஓர் அம்மாள், ஊசிக்குப் பதில் பென்சில் முனையால் துளை போட்டுவிட்டார். சுடர் தெரியவில்லை, மங்கலாக ஒரு வெளிச்சம்தான் தெரிந்தது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நாமாயிருந்தால் பெட்டியைப் பிடுங்கி நாமே சரிசெய்திருப்போம். பாடம் நடத்திய சிறுமியோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உங்க பெட்டியையும் எங்க பெட்டியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, டீச்சர்" என்றாள்.

அம்மாள் பார்த்தார். தானே புதுத் துளை போட்டார். சுடர் தலைகீழாக வந்து நின்றது. "வந்துடுச்சு!" என்று கூவினார், அருகில் சக ஆசிரியர்கள் இருப்பதையும் மறந்து. கற்பிக்கும் தொழிலில் மிகவும் கடினமான வித்தை, கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருப்பதுதான். அன்று அதைக் கற்றுக்கொடுத்தவளுக்குப் பத்து வயது.

இதில் ஓர் அபாயமும் உண்டு. மெட்ராஸ் முறை கடல் கடந்ததும் சிக்கனக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய கூடங்களில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஓர் உபாத்தியாயர், மிச்சமெல்லாம் சட்டாம்பிள்ளைகள் என்று பள்ளிகள் நடந்தன. செலவு குறைந்தது, படிப்பு கிளிப்பிள்ளைப் பாடமாகிவிட்டது. உபாத்தியாயருக்குப் பதிலாகப் பிள்ளையை வைத்துச் சம்பளத்தை மிச்சம் பிடிப்பது வேறு. உபாத்தியாயரே சற்று நேரம் பிள்ளையிடம் பாடம் கேட்பது வேறு. முன்னது இரண்டு பேரையும் ஏமாற்றுவது. பின்னதற்குப் பணம் தேவையில்லை; வருஷத்தில் ஒரு நாள் தரையில் சம்மணமிட்டு உட்காரப் பெரியவர்களுக்கு மனசு வேண்டும்.