படத்தில் இல்லாத புளியமரம்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து பாளையம் வழியாக வடக்கே நீளும் மகாத்மா காந்தி சாலைக்குத் திருவிதாங்கூர் ஆட்சிக்காலத்தில் ‘மெயின் ரோடு’ என்று பெயர். அதன் பழைய ஒளிப்படங்களைப் பத்தாண்டு வாரியாக அடுக்கிப் பகிர்வது வழக்கமாகிவிட்டது. அவற்றைக் காண்போர், ‘எவ்வளவு அமைதியான ஊராக இருந்திருக்கிறது’ என்று ஏங்குகின்றனர். அந்த ஏக்கம் இயல்பானது. ஆனால் படத்தில் தெரியும் அமைதி எங்கிருந்து வந்தது என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை.

திருவிதாங்கூரை விரிவாகப் படமெடுத்தவர்களுள் முதன்மையானவர் அரசின் ஒளிப்படக் கலைஞரான ஜக்கரியாஸ் டி குரூஸ். அவருடைய தென்னிந்தியக் காட்சிகளின் தொகுப்பு கர்சன் பிரபுவின் சேகரிப்பில் இடம்பெற்று, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அரசின் கலைஞர் அரசு காட்ட விரும்பியதைப் படமெடுப்பார். எனவே இத்தகைய படங்களில் திரும்பத் திரும்பத் தோன்றுபவை கட்டடங்கள். வில்லியம் பார்ட்டன் வடிவமைத்து 1869-இல் திறக்கப்பட்ட ஹஜூர் கச்சேரி, அதாவது இன்றைய தலைமைச் செயலகம், அவற்றுள் தலையாயது. வெண்ணிறத் தூண்களும் அகன்ற முகப்பும் சட்டகத்தை நிறைக்க, மனிதர் ஓரிருவரே தென்படுவர்.

இந்த வெறுமைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது தொழில்நுட்பம். ஈரத்தகட்டு முறையில் தகட்டின்மீது ஒளிபட வேண்டிய நேரம் சில நொடிகள் வரை நீளும். அதற்குள் நடந்து சென்றவர் மங்கலான கறையாவார். விரைந்து சென்றவர் படத்திலிருந்தே மறைவார். தூண் மட்டும் அசையாது நிற்கும்.

இரண்டாவது காரணம் தகட்டில் இல்லை, சமூகத்தில் இருந்தது. பொதுச்சாலையில் நடக்கும் உரிமை ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நடைமுறையில் மறுக்கப்பட்டிருந்த காலம் அது. 1893-இல் வெங்ஙானூர்ப் பகுதியில் அய்யன்காளி வில்வண்டி ஏறிப் பொதுவழியில் சென்றதே ஒரு போராட்டமாயிற்று என்றால், ‘அமைதியான சாலை’ என்ற தொடரின் பொருளை மீண்டும் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது. படத்தில் இல்லாதவர் அசைந்ததால் மறைந்தவரா, அங்கே வரவே இயலாதவரா என்பதைப் படம் சொல்லாது.

இதே சாலையில், பாளையத்தில், 1896-இல் எழுந்தது விக்டோரியா மகாராணியின் பெயர் தாங்கிய நகர மண்டபம். சிறீமூலம் பிரஜா சபை அங்கே கூடியது. அதன் உறுப்பினராக அய்யன்காளியும் அம்மண்டபத்தில் பேசினார். 2019-இல் கேரள அரசு அதற்கு அய்யன்காளி மண்டபம் எனப் பெயரிட்டது. பழைய படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்தால் கட்டடம் ஏறத்தாழ அதேதான். மாறியது பெயர் மட்டுமே. ஆனால் ஒரு நூற்றாண்டு வரலாறு முழுவதும் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

பிந்தைய பத்தாண்டுகளில் சாலை நிரம்புகிறது. 1938 பிப்ரவரியில் அரசுப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அதே ஆண்டு அக்டோபரில், மாநிலக் காங்கிரசின் மீதான தடையை நீக்கக் கோரி, அக்கம்மா செறியானின் தலைமையில் தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனை நோக்கிப் பெருந்திரள் நடந்தது. 1957-இல் பாளையத்தில் தியாகிகள் மண்டபம் திறக்கப்பட்டது. நெரிசல் என்று இன்று நாம் சலித்துக்கொள்வது, ஒருவகையில், சாலை எல்லோருக்கும் உரியதானதன் தடயமும் ஆகும்.

படங்களுக்கு இணையாக வேறோர் ஆவணமும் இச்சாலைக்கு உண்டு. அது எந்தக் காப்பகத்திலும் இல்லை. மலையடிவாரக் கல்லாற்றிலிருந்து விதுரா, நெடுமங்காடு வழியாக நகருக்குள் வருபவர் பேருந்தில் கேட்கும் நிறுத்தப் பெயர்களே அது: பாளையம், ஸ்டாச்சு, புளிமூடு, ஓவர்பிரிட்ஜ், பழவங்ஙாடி, கிழக்கேகோட்டை. மகாத்மா காந்தி சாலை என்ற பெயர் முகவரியில் இருக்கும். இறங்குமிடம் கேட்பவர் வாயில் இப்பெயர்களே வரும்.

ஒவ்வொன்றும் ஒரு படத்திற்கு நிகர். பாளையம் என்பது படை தங்கிய இடம். படை போயிற்று, சொல் இருக்கிறது. பழவங்ஙாடி என்பது பழைய அங்காடி. ஸ்டாச்சு என்பது செயலகத்தின் எதிரே நிற்கும் திவான் தி. மாதவராவின் சிலையைக் குறித்தது. கும்பகோணத்தில் பிறந்து 1891-இல் மறைந்த அவருடைய பெயர் வழக்கிலிருந்து உதிர, ‘சிலை’ என்னும் ஆங்கிலப் பொதுப்பெயர் மட்டும் இடத்தின் சிறப்புப்பெயராகிவிட்டது. யாருடைய சிலை என்று தெரியாமலேயே நாள்தோறும் பல்லாயிரவர் அங்கே இறங்குகின்றனர்.

இவற்றுள் தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமானது புளிமூடு. மூடு என்பது மரத்தின் அடி. மலையாளத்திற்கும் நாஞ்சில் நாட்டுத் தமிழுக்கும் பொதுவான இச்சொல் நாகர்கோவிலில் வேப்பமூடு என்று வழங்குகிறது. 1956 நவம்பர் 1 வரை இவ்விரு ஊர்களும் ஒரே ஆட்சிப்பரப்பில் இருந்தவை. மாநில எல்லை நடுவில் விழுந்தபோதும் சொல் இருபுறமும் நிலைத்தது. நாகர்கோவில் பின்னணியில் சுந்தர ராமசாமி எழுதிய ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966), மரம் ஒன்றைச் சுற்றி ஊர் எவ்வாறு திரள்கிறது என்பதைக் காட்டிய நாவல். திருவனந்தபுரத்தின் புளிமூட்டுக்கு அப்படியொரு நாவல் வாய்க்கவில்லை. பெயர் மட்டுமே வாய்த்தது.

அரசு தன் பெருமையாகக் கருதியவற்றுள் ஒரு புளியமரத்தடி இருந்திருக்க வாய்ப்பில்லை. நடந்து களைத்தவர்கள் நிழலுக்கு ஒதுங்கிய இடம் அதுவாக இருக்கலாம். ஒளிப்படம் ஆண்டவர்கள் காட்ட நினைத்ததைக் காக்கிறது. இடப்பெயர் நடந்தவர்கள் பயன்படுத்தியதைக் காக்கிறது. ஒன்றை விட்டு மற்றொன்றைப் படிப்பது அரைகுறையான வாசிப்பு.

ஆகவே பழைய படங்களை எண்ணிமப்படுத்தும் மாணவர்கள் ஆங்கிலத் தலைப்பைப் படியெடுப்பதோடு நின்றுவிடலாகாது. அதே படத்தைச் சாலையோரத்தில் வாழ்ந்த முதியவர்களிடம் காட்டி, ‘இந்த இடத்தை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?’ என்று கேட்டு, மலையாளத்திலும் தமிழிலும் அவர்கள் சொல்லும் பெயரை உடன் பதிய வேண்டும். படத் தகட்டைக் குளிரறையில் வைத்துக் காக்க முடியும். பெயருக்கு அத்தகைய அறை இல்லை. சொல்பவர் இருக்கும்வரை மட்டுமே அது இருக்கும்.