முக்கோணத் தலை

டீசல் பம்ப்பின் மேல்பெட்டியைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளில் மூன்று யோக்கியமானவை. டார்க்ஸ் பிட்டை வைத்தால் திரும்பிவிடும். நான்காவதற்கு முக்கோணத் தலை. சாதாரண ஸ்பேனர் செட்டில் அதற்குச் சாக்கெட் கிடையாது. வோக்ஸ்வாகன் குழுமத்தின் பழைய 1.9 லிட்டர் டிடிஐ என்ஜின்களில் வந்த போஷ் பம்ப்பைச் சொல்கிறேன். 2000-களின் தொடக்கத்தில் இங்கே ஓட ஆரம்பித்த ஆக்டேவியா டீசலிலும் அதுதான்.

ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மின்காந்தம் முடிவுசெய்கிறது. பெட்டி மயிரிழை நகர்ந்தாலும் அளவு மாறும், ஐடில் ஆடும். ரொம்ப நகர்ந்தால் வண்டி தானாகவே ரேஸாகும். அதனால்தான் டெஸ்ட் பெஞ்சில் சரிபார்த்து, முக்கோணத்தால் பூட்டி அனுப்பினார்கள். நியாயம்தான். ஆனால் பெட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறதே, ரப்பருக்கு வயசாகாதா?

வயசு மட்டுமில்லை, டீசலும் மாறிவிட்டது. பி.எஸ். 3 விதியில் டீசலில் 350 பி.பி.எம். வரை கந்தகம் இருக்கலாம் என்றிருந்தது. 2017-ல் நாடு முழுக்க 50 ஆனது, 2020 ஏப்ரலில் 10. கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பில் அரோமேட்டிக் சேர்மங்களும் கொஞ்சம் குறைந்துவிடும். அவற்றைக் குடித்து உப்பியிருந்த பழைய நைட்ரைல் சீல் அப்போது சுருங்கும். 2006-ல் அமெரிக்காவில் 15 பி.பி.எம். டீசல் வந்தபோதும் பழைய பம்ப்புகள் கசிந்தன. கந்தகம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் புகையைக் குடித்து வளர்ந்தவன்.

புகை என்றதும் மாமாவின் லாரிதான். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவு. லோடோடு ஏறுகிற டிரைவர்கள், பம்ப்பைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லி நச்சரிப்பார்கள். கூட்டினால் இழுவை வரும். கூடவே கரும்புகை, டீசல் செலவு. அந்த பம்ப்பின் ஸ்டாப் ஸ்க்ரூவில் முறுக்குக் கம்பி கோத்து, நுனியில் ஈயப் பொட்டு வைத்து, பம்ப் சர்வீஸ்காரர் தன் எழுத்து பதிந்த பிளையரால் அழுத்தியிருப்பார். பல்லால் கடித்தாலே அறுந்துவிடும் கம்பி. வண்டி திரும்பி வந்ததும் மாமா டயரைப் பார்க்க மாட்டார், குனிந்து அந்த ஈயத்தைப் பார்ப்பார். வீட்டு ஈ.பி. மீட்டரிலும் இதே ஈயம் தொங்கும். பந்து அந்தப் பக்கம் போனாலே அம்மாயி கத்தும்: "சீலைத் தொட்றாதீங்கடா, ஃபைன் போட்ருவான்!"

ஈயம் யாரையும் தடுத்ததில்லை. கை வைத்தவனைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். முக்கோண போல்ட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதற்கான சாவி வைத்திருப்பவர் கழற்றி, பெட்டியை நகர்த்தி, திரும்ப முறுக்கிவிட்டால் ஒரு தடயமும் இருக்காது. சாவி இல்லாதவரை மட்டும் படுத்தி எடுக்கும்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கடையில் அது படுத்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சீல் கசிந்த ஒரு வண்டியின் பானட்டைத் திறந்ததும் மெக்கானிக் அண்ணன் போல்ட்டைத் தொடவே இல்லை. ஸ்க்ரைபரை எடுத்து, பெட்டியும் பம்ப்பும் சேரும் இடத்தில் நாலு பக்கமும் கோடு கீறினார். "முதல்ல இடத்தைக் குறிச்சுக்கோணுங்க. போல்ட்டு எங்க போயிரப் போகுது?"

பிறகு பழைய சாக்கெட் ஒன்றைத் தலைமேல் இறுக அடித்து ஏற்றித் திருப்பினார். முனைகள் மழுங்கியதுதான் மிச்சம். கிரிப் பிளையருக்குப் பிடி கிடைக்கவில்லை. கடைசியில் பாதி உடைந்த ஹேக்ஸா பிளேடு. ஒரு முனையில் துணி சுற்றி, தலையின் குறுக்கே ஒரு காடி அறுத்தார். அறுக்க அறுக்க, பக்கத்தில் வைத்திருந்த காந்தத்தால் இரும்புத் தூளை ஒற்றி எடுத்தார். ஒரு துணுக்கு உள்ளே போனாலும் பம்ப் போச்சு. காடியில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை வைத்து, பின்னால் சுத்தியலால் ஒரு தட்டு, கூடவே இடப்பக்கம் ஒரு திருப்பு. கடக்கென்று விட்டது.

சீலை மாற்றியது சின்ன வேலை. பெட்டியைக் கீறிய கோட்டிலேயே உட்கார வைத்து, ஏர் எடுத்து, ஸ்டார்ட் செய்தார். லேப்டாப்பில் ஐடிலில் போகும் டீசல் மில்லிகிராமில் ஓடியது. போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, பித்தளைக் கம்பியை வைத்துப் பெட்டியை லேசாகத் தட்டினார். எண் இறங்கியது. இந்தப் பக்கமிருந்து இன்னொரு தட்டு, ஏறியது. திருப்தியானதும் இறுக்கினார்.

நான்காவது துளையில் சாதாரண ஆலன் போல்ட். அதன் தலையிலிருந்து பெட்டி வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார்.

"எவனாச்சும் கை வெச்சா கோடு சொல்லிரும்," என்றார். "சும்மா சீல் மாத்தப் பிரிக்கறவன் எதுக்குங்க என்னையத் திட்டோணும்?"