எம், கே, செமிகோலன், கே, ஹெச்... அம்மா!

உங்க ஃப்ரெண்ட்ஸ்ல யாராவது "கதை எழுதிட்டு இருக்கேன் மச்சி"ன்னு சொல்லிட்டுத் திரியுறானா? அவன்கிட்ட "எத்தனை பக்கம் ஆச்சு?"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. பாவம், முகம் வாடிடும். "எந்த சாஃப்ட்வேர்ல எழுதுற?"ன்னு கேட்டுப் பாருங்க. ஒரு மணி நேரம் மூச்சுவிடாமப் பேசுவான்.

எப்படித் தெரியும்னா... ஹி... ஹி... அவனே நான்தான்!

இ.சி.இ. மூணாம் வருஷம். கல்லூரி ஆண்டு மலருக்குச் சிறுகதை கேட்டு தமிழ் மன்ற சார் நோட்டீஸ் ஒட்டின அன்னிக்கே ராத்திரி லேப்டாப்பைத் திறந்துட்டேன். சுஜாதாவே இன்ஜினீயர்தானே, பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல ஓட்டு மெஷின் வேலை பார்த்துக்கிட்டே கதை எழுதினவர்தானேன்னு ஒரு தெம்பு. கதைக்கான ஐடியாவும் ரெடி. ஆனா எதுல எழுதுறது?

முதல்ல ஸ்க்ரிவனர். நாவல் எழுதுறவங்களுக்குன்னே செஞ்ச மென்பொருள். ஒவ்வொரு காட்சியையும் ஒரு அட்டையில எழுதி, பலகையில குத்தி வெச்ச மாதிரி முன்பின்னா மாத்திக்கலாம். காசு கொடுத்து வாங்கணும். ஆனா 30 நாள் இலவசம், அதுவும் நீங்க திறக்கிற நாளை மட்டும்தான் கணக்குல எடுத்துக்கும். திறந்தேன். பன்னிரண்டு அட்டை செஞ்சேன். ஒவ்வொண்ணுக்கும் கலர் கொடுத்தேன். கதையில மொத்தமே மூணு காட்சிதான்னு அப்புறம்தான் உறைச்சது.

அடுத்து அப்சிடியன். குறிப்புக்கும் குறிப்புக்கும் கோடு போட்டு நட்சத்திர மண்டலம் மாதிரி காட்டும். நம்ம மண்டலத்துல ரெண்டே நட்சத்திரம். அதுல ஒண்ணு மெஸ் பாக்கி. அப்புறம் ஃபோகஸ்ரைட்டர். ஸ்கிரீன் முழுக்க வெறும் பக்கம், சாவியைத் தட்டினா பழைய டைப்ரைட்டர் சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே அரை மணி நேரம் சம்பந்தமில்லாமத் தட்டிக்கிட்டு இருந்தேன். ரூம்மேட் தலகாணியால அடிச்சான்.

போன்ல வாய்ஸ் டைப்பிங்கும் விட்டு வைக்கலை. 2017-லேர்ந்தே கூகுள் கீபோர்டு தமிழைக் காதுகொடுத்துக் கேக்குது. உருக்கமா ஒரு பிரிவுக் காட்சியைச் சொல்லிட்டு இருக்கேன், நடுவுல எவனோ கத்தினது அப்படியே பதிவாகி, கதாநாயகி கண்ணீரோட "டேய், சட்னி தீர்ந்துபோச்சுடா" என்றாள்.

சாஃப்ட்வேர் தேர்வு இப்படிப் போனா, டைப் அடிக்கிற முறை இன்னொரு பஞ்சாயத்து. இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழா மாறுறது ஈஸிதான். ஆனா மூணு 'ந', மூணு 'ல' வர்ற இடமெல்லாம் கை தடுமாறும். தமிழ் 99 இருக்கே, 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் அரசு அறிவிச்ச விசைப்பலகை, அது நிஜமாவே கெட்டிக்காரத்தனமானது. ஒரே மெய்யை ரெண்டு தடவை தட்டினா புள்ளி தானா விழும். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ... நாலே தட்டு. கத்துக்க ஒரு வாரம் ஆகும். நான் அந்த ஒரு வாரத்தை எந்தத் தளவமைப்பு சிறந்ததுன்னு வீடியோ பார்க்கச் செலவு பண்ணினேன்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதின ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின், டாஸ் கம்ப்யூட்டர்ல வேர்ட்ஸ்டார் 4.0-ல தான் எழுதுறதா 2014-ல ஒரு டி.வி. பேட்டியில சொன்னார். அதைப் பார்த்துட்டு டாஸ் எமுலேட்டரை இறக்கினேன் பாருங்க, அதுதான் உச்சகட்டம். (அவரோட ஐந்தாம் பாகம் 2011-ல வந்துச்சு. ஆறாவதுக்கு ஜனம் பத்து வருஷத்துக்கு மேல காத்துக் கிடந்துச்சு. ஸோ, வேர்ட்ஸ்டாரையும் ரொம்ப நம்பாதீங்க.)

ஒன்றரை மாசம் ஓடிப்போச்சு. கதை? தலைப்பு மட்டும் இருந்துச்சு. நாலு ஃபான்ட்ல.

செமஸ்டர் லீவுக்கு சிவகாசி போனேன். அம்மா அடுப்படியில பருப்பு கடைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நான் திண்டுல உக்காந்து இந்த வீரவரலாறு எல்லாத்தையும் அவுத்து விட்டேன். பொறுமையா கேட்டாங்க. கேட்டுட்டு, "நான் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கம்ப்யூட்டர்லயே கதை அடிச்சேன்டா"ன்னாங்க. பருப்பு கடையறதை நிறுத்தவே இல்லை.

நான் ஙே!

கல்யாணத்துக்கு முன்னால அம்மா ஒரு டி.டி.பி. சென்டர்ல வேலை பார்த்தாங்கன்னு தெரியும். 2001-லேர்ந்து 2004 வரைக்கும். சிவகாசியில அது அதிசயம் இல்லை. காலண்டர், டைரி, பத்திரிகைன்னு ஊரே அச்சடிக்கிற ஊர். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின பொண்ணுங்களுக்கு சென்டர்ல உடனே வேலை. ஆனா கதை? அதை எங்க வீட்டுல யாருமே சொன்னதில்லை. யாருக்கும் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு!

"ஏம்மா, நோட்டுல எழுதியிருக்கலாம்ல?"

"நோட்டுல எழுதினா வீட்டுல யாராவது எடுத்துப் படிப்பாங்கடா. உங்க மாமா படிச்சிருந்தா வேலைக்கே அனுப்பியிருக்க மாட்டாரு."

"அப்ப கடை ஓனர் பார்க்க மாட்டாரா?"

"சாப்பாட்டு நேரத்துல அடிப்பேன். ஃபைலுக்கு 'கல்யாண மாடல்'னு பேர் வெச்சிடுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... அந்தக் கடையில கல்யாண மாடல் ஆயிரம் கிடக்கும். எவன் திறந்து பார்க்கப் போறான்?"

மக்களே, இங்கதான் எனக்கு சுருக்குன்னுச்சு. நான் கலர் அட்டை, டைப்ரைட்டர் சத்தம்னு தேடினேன். எங்கம்மா தனக்கு என்ன வேணும்னு தெளிவா தெரிஞ்சு ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. அவங்களுக்கு வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணு. யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பக்கம்.

பீரோவுல சர்ட்டிபிகேட் ஃபைலுக்கு அடியில அந்த சி.டி. இருந்துச்சு. வேலையை விட்ட கடைசி நாள் எழுதி எடுத்துட்டு வந்தது. எங்க வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டரே நான் காலேஜ் சேர்ந்தப்பதான் வந்துச்சு, அதுல சி.டி. போடுற இடமே கிடையாது. ஆக, இருபது வருஷமா அந்தத் தட்டு சும்மாவே கிடந்திருக்கு.

தெருமுனை ஸ்டூடியோ அண்ணன்கிட்ட ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கு. ரெண்டு மூணு தடவை துடைச்சுப் போட்டதுல உயிர் வந்துச்சு. பதினோரு ஃபைல். நாலு பாதியிலேயே நின்னுபோச்சு, காப்பி ஆகவே இல்லை. மிச்சம் ஏழு. அதுல மூணு வேர்ட், நாலு பேஜ்மேக்கர். முதல் வேர்ட் ஃபைலைத் திறந்தேன். முதல் வார்த்தை: எம், கே, செமிகோலன், கே, ஹெச். அதுக்கப்புறமும் பக்கம் பக்கமா இதே மாதிரி கிறுக்கல்.

"போச்சு"ன்னேன். ஸ்டூடியோ அண்ணன் சிரிச்சுட்டு, "பாமினி ஃபான்ட் போடு தம்பி"ன்னார். போட்டோம். கிறுக்கல் அப்படியே எழுந்து நின்னுச்சு. முதல் வார்த்தை, 'அம்மா'.

விஷயம் இதுதான். அந்தக் கால டி.டி.பி. ஃபான்ட் எல்லாம் ஒரு முகமூடி. கம்ப்யூட்டர் நினைவுல இருக்கிறது இங்கிலீஷ் எழுத்து 'எம்'. பாமினி அதுக்கு மேல 'அ' படத்தை மாட்டிவிடும். முகமூடி இல்லாத மெஷின்ல அது வெறும் 'எம்'தான். இதுல ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் ஒவ்வொரு முகமூடி. டாம், டாப், டிஸ்கின்னு தரப்படுத்தப் பார்த்தும் ஆளுக்கொரு பக்கமா இழுத்துக்கிட்டு இருந்தாங்க. யூனிகோட்ல தமிழ் எழுத்துக்குன்னே நிரந்தர எண் 1991-லயே வந்தாச்சு, விண்டோஸ் 2000-ல லதா ஃபான்ட்டும் வந்தாச்சு. ஆனா பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. 2001-ல வந்த 7.0-தான் அதோட கடைசி வெர்ஷன். அச்சு உலகம் அதுலயே நின்னதால, அம்மாவோட கதைகளும் அதுலயே நின்னுடுச்சு. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமா அறிவிச்சதே 2010-ல தான். அப்ப நான் எல்.கே.ஜி. முடிச்சிருந்தேன்.

இதுக்கு மாற்றிகள் ஏற்கெனவே இருக்கு. ஆனா இன்ஜினீயரிங் படிக்கிற திமிர் சும்மா விடுமா? பைத்தான்ல நானே எழுதினேன். எந்தத் தட்டுக்கு எந்த எழுத்துன்னு நூத்துக்கு மேல ஜோடி. ஓட விட்டேன். கதையோட தலைப்பு 'ெகாலுசு'ன்னு வந்துச்சு! பாமினியில கண்ணுக்குத் தெரியுற வரிசைதான், கொம்பை முதல்ல அடிச்சுட்டு அப்புறம் 'க'. யூனிகோட்ல 'க' முதல்ல, கொம்பு பின்னால. ஒவ்வொரு கொம்பையும் பிடிச்சு அடுத்த எழுத்துக்குப் பின்னால தள்ளினேன். 'கொலுசு' சரியாச்சு. நாலு செமஸ்டர்ல நான் எழுதின எந்த லேப் புரோகிராமுக்கும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பேஜ்மேக்கர் ஃபைல்? இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க, உங்க வீட்டுலயும் இப்படி ஒரு சி.டி. இருக்கலாம். இலவசமா கிடைக்கிற லிப்ரே ஆபீஸ், 2015-ல வந்த 4.4 வெர்ஷன்லேர்ந்து பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும். நாலுல ரெண்டு திறந்துச்சு. மத்த ரெண்டும் சி.டி. கீறல்ல செத்துப்போச்சு.

அன்னிக்கு ராத்திரி ஐந்து கதையையும் படிச்சேன். சும்மா சொல்லக் கூடாது, ஒண்ணு மொக்கைதான். அதை அம்மாகிட்டயே சொன்னேன், "ஆமா, அது தீபாவளி அவசரத்துல அடிச்சது"ன்னாங்க. ஆனா 'கொலுசு' இருக்கே... பட்டாசு ஆலைக்குப் போற ரெண்டு அக்கா தங்கச்சி. ஆலை வாசல்ல சோதனையில கொலுசைக் கழட்டச் சொல்றாங்க. உலோகம் உரசி பொறி வந்துடக் கூடாதுன்னு. தினமும் கழட்டி மாட்டறப்போ அக்கா ஒரு மணியை மட்டும் பிச்சு எடுத்துச் சேர்த்து வைக்கிறா. எதுக்குன்னு கதை சொல்லலை. ஏழாம் பக்கத்துல பாதி வாக்கியத்துல நிக்குது. மிச்சம் இன்னொரு ஃபைல்ல. காப்பி ஆகாம நின்ன நாலுல ஒண்ணு அது.

"முடிவு என்னம்மா?"

அம்மா ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "ஞாபகம் இல்லடா. நெசமாவே இல்ல."

ஒரு கதையை எழுதினவங்களுக்கே அதோட முடிவு தெரியாம போகும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது பாஸ்.

என் கதை என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? ஊர்லேர்ந்து திரும்பின வாரம் ரெண்டு ராத்திரியில நோட்பேடுல அடிச்சு முடிச்சேன். ஆமா, விண்டோஸோட வர்ற அதே மொட்டை நோட்பேடு. யூனிகோட்ல, வெறும் டெக்ஸ்ட் ஃபைலா. முகமூடி இல்லை, இருபது வருஷம் கழிச்சு என் மகனோ மகளோ ஸ்டூடியோ தேடி அலைய வேண்டாம். இப்ப எனக்கு சாஃப்ட்வேர் பத்தி இருக்கிற ஒரே நிபந்தனை அதுதான். உள்ளே போட்டதை, அது இல்லாமலும் வெளியே எடுக்க முடியணும். அப்படிப் பார்த்தா அப்சிடியனும் நல்லவன்தான், அவனும் சாதாரண டெக்ஸ்ட்டாத்தான் வைக்கிறான். ஸ்க்ரிவனர்லயும் வெளியே எடுக்க வழி இருக்கு. எதைப் பிடிச்சாலும் மாசம் ஒரு தடவை வெளியே எடுத்து இன்னொரு இடத்துல வைங்க, சி.டி.யில மட்டும் வேணாம். கதையைப் படிச்ச தமிழ் மன்ற சார், "சுமார்" என்றார். போட்டுட்டாங்க.

போன மாசம் வீட்டுக்குப் போனப்போ லேப்டாப்புல இ-கலப்பை ஏத்தி, பாமினி விசை வரிசையைத் தேர்ந்தெடுத்து அம்மா முன்னால வெச்சேன். "இருபது வருஷம் ஆச்சு, எனக்கெங்கடா வரும்?"னாங்க. சேலைத் தலைப்புல கையைத் துடைச்சுட்டு இடது கை விரல் நாலையும் வெச்சாங்க. ய, ள, ன, க. அது தானா விழுந்துச்சு. அப்புறம் சத்தமில்லாம ஓட ஆரம்பிச்சுது பாருங்க... என் தமிழ் 99 எல்லாம் பக்கத்துல நிக்க முடியாது. நான் எட்டிப் பார்த்தேன்.

"தள்ளிப் போடா."

தள்ளிப் போயிட்டேன். குக்கர் மூணு விசில் அடிச்சுது, நான்தான் அடுப்பை அணைச்சேன். ஒரு மணி நேரம் கழிச்சுக் கூப்பிட்டு, "இதை எப்படி சேவ் பண்ணணும்?"னு கேட்டாங்க. "டெக்ஸ்ட் ஃபைலாம்மா. பேரு மட்டும் நீங்களே கொடுங்க"ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன். ராத்திரி லேப்டாப்பைத் திறந்தா டெஸ்க்டாப்புல புதுசா ஒரு ஃபைல்.

'கல்யாண மாடல் 12'.

இன்னும் திறந்து பார்க்கலை.