காணாமல் போன ஆடு மூக்கில் கிடைத்தது

மே மாசம் வந்தாச்சு. சர்ச்சுகளில் வி.பி.எஸ், அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி, களைகட்டும் நேரம். பாட்டு, கதை, அப்புறம் பிள்ளைகள் ஆவலோட காத்திருக்கும் கைவேலை.

கேட்ட கதையை மறக்கிற பிள்ளை, தன் கையால் செஞ்ச ஆட்டுக்குட்டியை மறக்காது. அதனால கைவேலை அவசியம் வேணும். ஆனா அதுக்கு என்ன பொருள் வாங்குறீங்க என்பதில் ஒரு டாக்டரா எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கு.

ஒரு லீவு நேரத்தில் மூணு வயசுப் பாப்பாவை ஓ.பி.க்குத் தூக்கிட்டு வந்தாங்க. ஒரு வாரமா சளி, அதுவும் ஒரு பக்க மூக்கில் மட்டும், நாத்தத்தோட. சின்னப் பிள்ளைக்கு இப்படி ஒரு பக்கம் மட்டும் நாத்தத்தோட சளி வந்தா உள்ள ஏதோ இருக்குன்னுதான் முதலில் சந்தேகப்படணும். எடுத்துப் பார்த்தா, ஆட்டுக்குட்டி செய்யக் கொடுத்த ஸ்பாஞ்சில் ஒரு துண்டு!

மூக்கில் இருந்ததால் பிழைச்சோம். பாசிமணியோ பொத்தானோ மூச்சுக்குழாயை அடைச்சா நிமிடங்களில் உயிர் போகலாம்.

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் இருக்கும் மூணு கதைகளையே எடுத்துக்குவோம்.

🔹 காணாமல் போன ஆடு

அரிசி மாவைக் கெட்டியா கரைச்சுக்கங்க. குழந்தையின் உள்ளங்கையில் தடவி கறுப்பு சார்ட்டில் அச்சு எடுங்க. தாளைத் தலைகீழாத் திருப்புங்க. நாலு விரல் நாலு கால், கட்டைவிரல் தலை. ஆடு ரெடி! கண்ணை நீங்களே வரைஞ்சிடுங்க. ஒட்டுற பிளாஸ்டிக் கண் வேண்டாம்.

🔹 காணாமல் போன வெள்ளிக்காசு

நிஜக் காசு வேண்டாம். உள்ளங்கை அகலத்துக்கு அட்டையில் 10 வட்டம் வெட்டி, வெள்ளைத் தாள் ஒட்டுங்க. ஒண்ணை ஒளிச்சு வெச்சு, துடைப்பத்தைக் கொடுத்துத் தேட விடுங்க.

கதையில் அந்தப் பெண் விளக்கு ஏத்தித் தேடுவாங்க இல்லையா? அதுக்குன்னு பட்டன் பேட்டரி போட்ட குட்டி மெழுகுவர்த்தி வாங்காதீங்க. விளக்கைத் தாளில் செய்யுங்க.

ஏன்னா, பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினா 2 மணி நேரத்துக்குள்ள திசுவை அரிச்சுப் புண்ணாக்கிடும். எக்ஸ்ரேயில் காசு மாதிரியே தெரியும், ஓரத்தில் இரட்டை வளையம் இருக்கும். விழுங்கினதா சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்கு ஓடுங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க.

🔹 திரும்பி வந்த மகன்

குழந்தையின் ரெண்டு கையையும் தாளில் வரைஞ்சு வெட்டுங்க. நீளமான தாள் பட்டையை விசிறி மாதிரி மடிச்சு, ரெண்டு முனையிலும் கைகளை ஒட்டுங்க. விரிச்சா அப்பா மகனைக் கட்டிப்பிடிக்க ஓடி வர்ற மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போய் அவங்க அப்பாகிட்ட கொடுக்கச் சொல்லுங்க.

மூணு கதைக்கும் சேர்த்து ஆன செலவு? சார்ட், அட்டை, பசை, ஒரு கை அரிசி மாவு. அவ்வளவுதான்.

எல்லாக் கதைக்கும் ஒரே விதி: டிஷ்யூ பேப்பர் ரோலின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் 3 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை கையில் போகக் கூடாது. அண்ணன், அக்காவோட வரும் குட்டிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

மீறி மூச்சு அடைச்சா? இருமி அழுதா இரும விடுங்க. சத்தமே வரலைன்னா குனிய வைச்சு, தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 தட்டு. சரியாகலைன்னா, ஒரு வயசு தாண்டிய பிள்ளைக்குத் தொப்புளுக்கு மேல் 5 முறை உள்ளும் மேலுமா அழுத்தணும். ஒரு வயசுக்குள் என்றால் வயிறு கூடாது, நடு நெஞ்சில் 5 அழுத்தம். மாத்தி மாத்திச் செய்துகிட்டே 108ஐக் கூப்பிடச் சொல்லுங்க. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் தேடாதீங்க, இன்னும் உள்ள தள்ளிடும்.

உங்களுக்குத் தெரிஞ்ச சண்டே ஸ்கூல் டீச்சர், அங்கன்வாடி டீச்சர் எல்லாருக்கும் இதை அனுப்புங்க. கைவேலை எந்தக் கதைக்கா இருந்தாலும் பிள்ளைகளின் மூச்சுக்குழாய் ஒண்ணுதான்.