‘இங்’ படுத்தும் பாடு

ஆங்கிலம் பேசத் துணியும் நம் வீட்டுப் பிள்ளைகளின் நாவில் முதலில் வந்து அமர்வது நிகழ்காலத் தொடர்வினைதான். வினைச்சொல் எதுவாயினும் அதன் வாலில் ஓர் ‘இங்’ ஒட்டிவிடுகிறார்கள். ‘ஐ ஆம் நோயிங் ஹிம்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்பன நாம் அன்றாடம் கேட்பவை. தமிழர் மட்டுமல்லர், இந்தியர் பலரும் இப்படிப் பேசுவதுண்டு. மும்பைக் கவிஞர் நிசிம் எசக்கியேல் இந்த வழக்கை வைத்தே ‘குட்பை பார்ட்டி ஃபார் மிஸ் புஷ்பா டி.எஸ்.’ என்னும் நகைச்சுவைக் கவிதையை எழுதினார்.

கேட்போர் சிரிக்கலாம். ஆயினும் பிழையின் வேர் நம் தாய்மொழியில் இருக்கிறது. ‘அவள் தைக்கிறாள்’ என்றால், இப்போது ஊசியும் நூலுமாய் அமர்ந்திருக்கிறாள் என்றும் பொருள். தையலே அவள் தொழில் என்றும் பொருள். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்து, முன்னதற்கு ‘ஷீ ஈஸ் ஸ்டிச்சிங்’ என்றும் பின்னதற்கு ‘ஷீ ஸ்டிச்சஸ்’ என்றும் சொல்கிறது.

நெய்வேலியில் வாழ்வோருக்கு இவ்வேறுபாடு அன்றாடத் தேவை. இங்கே சுரங்கமும் அனல் மின் நிலையமும் மூன்று ஷிப்டுகளில் இயங்குகின்றன. இரவு ஷிப்டு முடித்து வந்த அத்தா பகலில் உறங்குகிறார். தொலைபேசியில் அழைத்தவரிடம் மகன், ‘மை ஃபாதர் ஈஸ் வொர்க்கிங் இன் தி மைன்’ என்றால், அவர் இந்நேரம் சுரங்கத்தில் இருப்பதாகவே கேட்பவர் எண்ணக்கூடும். ‘மை ஃபாதர் வொர்க்ஸ் இன் தி மைன். ஹீ ஈஸ் ஸ்லீப்பிங் நவ்’ என்றால் குழப்பமில்லை.

மாலையில் என்னிடம் பாடம் கேட்க வரும் பிள்ளைகளுக்கு எளிய சோதனை ஒன்று சொல்வேன். தமிழ் வாக்கியத்தில் ‘கொண்டிருக்கிறேன்’ சேர்த்துப் பாருங்கள். ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று யாரேனும் சொல்வார்களா? தமிழ்ச் செவி மறுக்கும் இடத்தில் பெரும்பாலும் ‘இங்’குக்கும் இடமில்லை.

இச்சோதனைக்கு அடங்காதவையும் உண்டு. நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்துடன் நிற்கும் நீரை இரவு பகலாக இறைத்தால்தான் இங்கே சுரங்க வேலை நடக்கும். 1961இல் முதன்முதலாக நிலக்கரி வெளிப்பட்ட காலந்தொட்டு நடக்கும் பணி அது. “ஓயாமல் நடப்பதற்குத்தானே தொடர்வினை?” என்று ஒரு மாணவி கேட்டாள். தொடர்வினை என்னும் பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது. மாறாமல் நிகழ்வதற்கு ‘தே பம்ப் வாட்டர்’ என்பதே இயல்பு. கண்ணெதிரே நடப்பதற்கும், சில காலம் நடந்து முடியப்போவதற்குமே ‘இங்’ உரியது.

இதைக் கேட்டிருந்த என் மகள், தன் கட்டுரையில் ‘வீ லிவ் இன் நெய்வேலி’ என்று எழுதியதைக் காட்டினாள். “அத்தா அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார்களே, அம்மா! அப்படியானால் ‘வீ ஆர் லிவிங்’ என்றுதானே எழுத வேண்டும்?” என்றாள்.

அவள் கேட்டதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. நகரியக் குடியிருப்புகள் நிறுவனத்துக்குரியவை. ஓய்வு பெற்றவர் சாவியை ஒப்படைத்தாக வேண்டும். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் இவ்வட்டத்தில்தான். அவள் அத்தா கொல்லையில் வைத்த பலா இப்போதுதான் காய்க்கிறது. வேறு ஊரை அவள் விடுமுறையில் மட்டுமே அறிவாள்.

“இரண்டும் சரிதான், மகளே. உனக்கு எது உண்மையோ அதை எழுது” என்றேன்.

சற்றுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு, எழுதியதை மாற்றாமலேயே அடுத்த வரிக்குப் போனாள்.